பத்தாவது போல்ட்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு காரை மூன்று நாள் ஓடவிடாமல் நிறுத்தினேன். அதுவும் அப்பாவின் காரை, அதுவும் நல்ல சீசன் நேரத்தில். பதினாறு வருஷம் இதை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு மேலகரத்தில். அங்கிருந்து குற்றாலம் பஸ்ஸில் பத்து நிமிஷம். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லோரும் நாங்கள் தினமும் பல் தேய்த்த கையோடு அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மை அப்படியில்லை. அப்பா வாடகைக் கார் ஓட்டினார். சாரல் விழத் தொடங்கியதும் அவர் ஊராரின் அப்பா ஆகிவிடுவார். மதுரைக்காரர்களையும் தூத்துக்குடிக்காரர்களையும் மெயினருவிக்கும் ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் கூட்டிக்கொண்டு திரிவார். அருவியில் தண்ணீர் கொட்டும் மாதங்களில் அவருக்கு எங்களைக் கூட்டிப் போக நேரம் இருக்காது. அவருக்கு நேரம் கிடைக்கும் மாதங்களில் அருவியில் தண்ணீர் இருக்காது. பாறையில் ஒரு கோடு போல ஈரம் வழியும். அதன் கீழே ஆளுக்கு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, குளித்ததாகச் சொல்லிக்கொண்டு திரும்புவோம்.

மாமா, அம்மாவின் அண்ணன், தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் ரோட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கெட்டிக்கார மெக்கானிக். வண்டி வாசலில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து நோயைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அப்பாவுக்கும் மாமாவுக்கும் சண்டை என்று ஒன்றும் கிடையாது. தீபாவளிக்கு வேட்டி கொடுத்துக்கொள்வார்கள், எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒன்றே ஒன்றுதான். மாமா எதைச் சொன்னாலும் அப்பா அதைச் செய்யமாட்டார். மாமா ஒரு கம்பெனி டயரைச் சொன்னால் அப்பா இன்னொரு கம்பெனி டயரைப் போடுவார். மாமா வேண்டாம் என்ற சீட் கவர்தான் எங்கள் காரில் இருந்தது. வெயிலில் அது தொடையோடு ஒட்டிக்கொள்ளும். அப்பா உரிபட்டுக்கொண்டே இறங்குவாரே தவிர அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

அந்த வருஷ சீசன் தொடக்கத்தில், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் ரப்பர் ஓஸ் ஒன்று உப்பியிருக்கிறது, மாற்றிவிடலாம் என்று மாமா சொன்னார். சீசன் முடியட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு வியாழக்கிழமை, மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் இருக்கும் பாலருவிக்கு ஆள் கொண்டுபோய்விட்டுத் திரும்பும்போது புளியரை வளைவுகளில் அந்த ஓஸ் வெடித்தது. அப்பா கிழிசலில் துணியைச் சுற்றிக் கட்டி, தண்ணீர் பாட்டில்களை ரேடியேட்டரில் கவிழ்த்து, செங்கோட்டை வரைக்கும் எப்படியோ ஓட்டிவந்துவிட்டார். அதற்குள் பின்னால் வெள்ளை வெள்ளையாகப் புகை. டாக்சி ஸ்டாண்டிலிருந்து வேறொரு கார் வந்து, கயிறு கட்டி மாமாவின் ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்து வந்தது. கயிற்றில் வரும் காரில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்ததை நான் ஸ்கூல் விட்டு வரும்போது பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காத மாதிரி இருந்திருக்கவும் கூடும்.

எஞ்சினின் தலைப்பாகத்துக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே கேஸ்கெட் என்று ஒரு தகடு உண்டு. சூட்டில் அது போய்விட்டது. மாமா வெள்ளிக்கிழமை தலைப்பாகத்தைக் கழற்றி, மட்டம் பார்த்துத் தேய்ப்பதற்காக லேத் பட்டறைக்கு அனுப்பினார். ஹெட் என்பார்கள் அதை. ஹெட் இல்லாத கார், மூடி திறந்த டிபன் பாக்ஸ் மாதிரி ஒர்க்‌ஷாப் நடுவில் நின்றது.

சனிக்கிழமை ஸ்கூல் லீவு. அப்பாவும் லீவு. சீசன் நேரத்தில் அவர் பகலில் வீட்டில் இருந்ததை நான் பார்த்ததே இல்லை. அவருக்கும் வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை. சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றி மாட்டினார், அது முன்னைவிட வேகமாகச் சொட்டியது. என் பென்சில்கள் எல்லாவற்றையும் சீவி வைத்தார். பிறகு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “வாட்டி, குளிக்கப் போவோம்,” என்றார்.

டவுன் பஸ்ஸில் போனோம். டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அப்பாவின் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. புலியருவிக்குப் போனோம். அங்கே கூட்டம் குறைவு, பிள்ளைகளை நிறுத்திக் குளிப்பாட்ட வசதி. தண்ணீர் முழுசாக விழுந்தது. அப்பா என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொள், அண்ணாந்து பார்க்காதே என்றார். உச்சந்தலையில் யாரோ நூறு பேர் சேர்ந்து தட்டுவதுபோல இருந்தது. மூச்சு முட்டி வெளியே வந்து, சிரித்து, மறுபடி உள்ளே போனோம். அப்பா தண்ணீருக்குள் நின்று எதையோ சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. நானும் எதையோ சொன்னேன், அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். பிறகு சாரலில் நனைந்தபடியே மிளகாய் பஜ்ஜி தின்றோம். அப்பா எனக்கு மங்குஸ்தான் உரித்துக் கொடுத்தார். இரண்டு விரலால் தோட்டை அழுத்தி, உள்ளே இருப்பது நசுங்காமல் எடுக்க அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

திரும்பும்போது ஒர்க்‌ஷாப்பில் இறங்கினோம். லேத்திலிருந்து ஹெட் வந்திருந்தது. புது கேஸ்கெட்டும் வந்துவிட்டது. மாமா ஒரு தட்டில் பத்து போல்ட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெட்டை எஞ்சினோடு இறுக்கிப் பிடிப்பவை அவைதான். ஒவ்வொன்றும் என் உள்ளங்கையைவிட நீளம்.

“மாப்ள, போல்ட்டு புதுசு போட்டுருவோம்,” என்றார் மாமா.

அப்பா போல்ட் ஒன்றை எடுத்துப் பார்த்தார். “இதுக்கு என்ன, நல்லாத்தான இருக்கு.”

“கண்ணுக்கு நல்லாத்தான் இருக்கும். இது ஒரு தடவ இழுத்து முறுக்குத ரகம். முறுக்கையில நீளும். அந்த இழுவையிலதான் ஹெட்டப் பிடிச்சிருக்கும். கழட்டுனா பழைய அளவுக்கு வராது. திரும்பப் போட்டா பிடிப்பு இருக்காது.”

“பழைய வண்டியில மூணு தடவ ஹெட்டக் கழட்டி மாட்டியிருக்கு. அதே போல்ட்டுதான் கடைசிவரைக்கும்.”

“அந்த வண்டி போல்ட்டு வேற, மாப்ள. அது தடியா, நீளாத ரகம். அத எத்தன தடவையும் போடலாம். இது அப்படி இல்ல.”

மாமா ஒரு கண்ணாடித் துண்டின் மேல் போல்ட்டுகளைத் தலைகீழாக வரிசையாக நிறுத்தினார். ஸ்கூலில் உயர வரிசையில் நிற்பதுபோல நின்றன. மூன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு நூல் உயரம். பிறகு ஒரு நட்டை எடுத்து அந்த மூன்றில் ஒன்றில் விரலாலேயே சுற்றினார். பாதி தூரம் வழுக்கிக்கொண்டு போன நட்டு, ஓரிடத்தில் நின்றுவிட்டது. அங்கே மரை நீண்டிருக்கிறது என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவும் குனிந்து பார்த்தார். அவருக்குத் தெரிந்ததா இல்லையா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை.

“புதுசு எங்க கிடைக்கும்?” என்றார்.

“திருநெல்வேலியில இல்ல, கேட்டுட்டேன். மதுரையிலதான். நாளைக்கு ஞாயிறு, கடை கிடையாது. திங்கக்கிழம பஸ்ஸுல போட்டா ராத்திரி வரும். செவ்வாக்கிழம சாயங்காலம் வண்டி உம்ம கையில.”

அங்கேதான் சிக்கல். திங்கட்கிழமை காலையில் சிவகாசியிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. வருஷா வருஷம் வருகிறவர்கள், மூன்று நாள் அப்பாவின் கார்தான். அந்த வீட்டுப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து அப்பாவோடுதான் மலை ஏறியிருக்கிறார்கள். வார்த்தை கொடுத்தாகிவிட்டது என்றார் அப்பா. மலையில் வைத்து கேஸ்கெட் மறுபடி போய்விட்டால் அந்தப் பிள்ளைகளை எங்கே இறக்கி விடுவீர் என்றார் மாமா. அரை நூல் வித்தியாசத்துக்கு எந்த வண்டியும் நின்றதில்லை என்றார் அப்பா. ஒரு நூலை அவர் அரை நூலாக்கியதை நான் கவனித்தேன். அப்படியே போனது. யாரும் சத்தம் போடவில்லை. மாப்ள, மச்சான் என்று மரியாதையாகவே பேசிக்கொண்டு இரண்டு பேரும் ஒரு அடிகூட நகரவில்லை.

கடைசியில் மாமா எழுந்து கையைத் துடைத்தார். “சரி மாப்ள, உம்ம வண்டி. காலையில வாரும். இதையே போட்டுத் தாரேன்.”

அப்பா முகத்தில் ஜெயித்த களை இல்லை. ரோட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். மாமா என்னைக் கூப்பிட்டு, அந்தத் தட்டையும் ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் டீசலையும் பழந்துணியையும் கொடுத்தார்.

“ஏட்டி, இதக் கழுவித் தொடச்சு வையி. மொத்தம் பத்து. ஒன்னு கொறஞ்சாலும் வண்டி ஓடாது, கேட்டியா. ஒன்னே ஒன்னு போதும்.”

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். நான் தட்டோடு ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் உட்கார்ந்தேன். அங்கே ஒரு வாய்க்கால், சீசனில் கரை தொட்டு ஓடும். ஒவ்வொரு போல்ட்டாகக் கழுவினேன். காதுக்குள் இன்னும் அருவித் தண்ணீர் இருந்தது. நாளை வண்டி சரியாகிவிடும். திங்கட்கிழமை அப்பா சிவகாசிப் பிள்ளைகளைப் புலியருவிக்குக் கூட்டிப்போவார். அவர்களுக்கு மங்குஸ்தான் உரித்துக் கொடுப்பார். ஒன்று குறைந்தாலும் வண்டி ஓடாது என்று மாமாவே சொல்லிவிட்டார்.

ஒன்பதைக் கழுவித் தட்டில் வைத்தேன். பத்தாவதைக் கழுவி வாய்க்காலில் போட்டேன். கழுவாமல் போட்டிருக்கலாம். ஏன் கழுவினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அம்மா, அப்பா, நான் மூன்று பேரும் ஒர்க்‌ஷாப்பில் இருந்தோம். அம்மா எல்லோருக்கும் இட்லி கொண்டுவந்திருந்தாள். அப்பா எண்ணினார், ஒன்பது. மாமா எண்ணினார், ஒன்பது. தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார்கள். அப்பா என்னைக் கேட்டார். பத்தையும் கழுவி வைத்தேன் என்றேன். அதில் பாதி உண்மை இருந்ததால் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடிந்தது.

பிறகு தேடினார்கள் பாருங்கள், அப்படி ஒரு தேடலை நான் பார்த்ததில்லை. அப்பா ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஒர்க்‌ஷாப் தரை முழுக்க இழுத்துக்கொண்டு நடந்தார். ஆணி, வாஷர், தொலைந்துபோன பத்தாம் நம்பர் ஸ்பேனர், இரண்டு சோடா மூடி எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்தன. ஸ்பேனர் கிடைத்ததில் மாமாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். மற்றபடி அவர் ஸ்டூலில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும் மாப்ள,” என்றார்.

“எலி போல்ட்ட வச்சு என்ன செய்யும்?”

“இங்கன உள்ள எலி எதையும் இழுக்கும்.”

அப்பா சுவர் ஓரத்து எலி வளையில் டார்ச் அடித்துப் பார்த்தார். குப்புறப் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவர் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மா அதற்குள் இன்னொரு இட்லியை என் வாயில் வைத்துவிட்டாள்.

பத்து மணிக்கு மேல் அப்பா ஒன்பதில் ஒன்றை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு, ஞாயிறானாலும் இதேபோல ஒன்று தென்காசியில் கிடைக்காமலா போகும் என்று சொல்லி, மாமாவின் பைக்கில் கிளம்பினார். தனக்கும் மார்க்கெட்டில் வேலை இருக்கிறது என்று அம்மாவும் ஏறிக்கொண்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார்கள். அம்மா கையில் கத்தரிக்காய் இருந்தது. அப்பா கையில் அதே போல்ட்.

“எங்கயும் இல்ல மச்சான்,” என்றார். “என்ன செய்ய. புதுசுக்குச் சொல்லிருங்க.”

மாமா மதுரைக் கடைக்காரரின் வீட்டு நம்பருக்குப் போன் போட்டார். அப்பாவும் ஒரு ஓரமாய்ப் போய் சிவகாசிக்குப் போன் செய்தார். வண்டி ரிப்பேர், ஸ்டாண்டில் வேறு நல்ல டிரைவரை ஏற்பாடு செய்கிறேன் என்று சொன்னார். ரொம்ப நேரம் குனிந்துகொண்டே பேசினார். நான் காரின் அந்தப்பக்கம் ஒளிந்து நின்றேன்.

நான் அவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த நாட்கள் எப்படிக் கழிந்தன என்றால், ஞாயிறு மத்தியானத்திலிருந்து மலையில் விடாத மழை. அருவிகளில் வெள்ளம். மெயினருவியிலிருந்து புலியருவி வரைக்கும் குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். அப்பா வீட்டில்தான் இருந்தார். ஆனால் போவதற்கு அருவி இல்லை. அந்தக் குழாயை இன்னொரு தடவை கழற்றினார். சிவகாசிக் குடும்பமும் வந்து, தள்ளி நின்று வெள்ளத்தை வேடிக்கை பார்த்துவிட்டு, அல்வா வாங்கிக்கொண்டு ஒரே நாளில் திரும்பிவிட்டது. அதைக் கேட்டதும் அப்பாவுக்குப் பாதி துக்கம் குறைந்தது. ராத்திரி சாப்பாட்டில் அவர் இரண்டாம் தடவை சோறு கேட்டதை வைத்து எனக்கும் பாதி பயம் குறைந்தது.

செவ்வாய்க்கிழமை ஸ்கூல் விட்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். புது போல்ட்டுகள் எண்ணெய்த் தாளில் சுற்றி வந்திருந்தன. மாமா நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மாற்றி மாற்றி ஒவ்வொன்றாய் முறுக்கினார். முதல் சுற்று, ரென்ச்சில் முறுக்கின் அளவைப் பார்த்து. அதன் பிறகு ஒவ்வொன்றையும் கால்வட்டம், மறுபடி கால்வட்டம். கடைசிக் கால்வட்டங்களுக்கு நீளமான ரென்ச்சை அப்பாவிடம் கொடுத்துவிட்டு, சாக்பீஸால் போட்ட கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இழும் மாப்ள. இன்னும். இன்னும். போதும்.”

பத்து தடவை அப்படிச் சொன்னார். அப்பா பத்து தடவையும் அவர் சொன்ன இடத்தில் நிறுத்தினார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. மாமா சொன்னதை அப்பா மறுபேச்சில்லாமல் செய்ததை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வண்டி இரண்டாவது தடவையில் உறுமிக்கொண்டு பிடித்தது. அதற்குள் அம்மாவும் வந்துவிட்டிருந்தாள், நாலு பேரும் ஏறினோம். மாமா முன்னால், அம்மாவும் நானும் பின்னால். புளியரை வளைவுகளில் ஏறி ஆரியங்காவு வரைக்கும் போனோம். யாரும் மலையைப் பார்க்கவில்லை. நாலு பேரும் டேஷ்போர்டில் சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு போனோம். முள் பாதிக்கு மேலே போகவில்லை. ஆரியங்காவில் நேந்திரம்பழ பஜ்ஜியும் சாயாவும் மாமா வாங்கிக் கொடுத்தார். அந்த எஞ்சினை அதன் பிறகு யாரும் திறக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஹெட்டோடுதான் அப்பா அந்த வண்டியை விற்றார்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது, ஏதோ பேச்சில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அந்தப் போல்ட்டை எடுத்தது நான்தான், வாய்க்காலில் போட்டேன் என்று. அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

“தெரியும்.”

“எப்படி?”

“நீ பத்து வயசுலயே பொய் சொன்னா காதப் பிடிப்ப. இப்பவும் பிடிக்க. அது கிடக்கட்டும், அன்னைக்கு எங்க போனோம்னு நினைக்க? பழைய இரும்புக்கடைக்கு. கடைக்கார அண்ணாச்சி ஒரு எண்ணெ டின் நெறைய போல்ட்டக் கொண்டாந்து கொட்டுனாரு. உங்கப்பா கையில உள்ளதப் பக்கத்துல வச்சு வச்சுப் பாத்தாங்க. ஒன்னு அச்சா அதேதான். எனக்கே தெரிஞ்சுது. அதக் கொஞ்ச நேரம் கையில வச்சிருந்தாங்க. அப்புறம், இது இல்ல அண்ணாச்சின்னு டின்னுக்குள்ளயே போட்டுட்டாங்க.”

“நீ ஒன்னும் கேக்கலியா?”

“நான் எதுக்குக் கேக்கேன். மலையில பிள்ளையள ஏத்திட்டுப் போற வண்டி, அவங்களுக்குப் பயம் இருக்காதா? மச்சான் சொல்லி மாத்துனேன்னு வரப்படாது, அவ்வளவுதான். போல்ட்டக் காணல, மாத்துனேன்னா அது வேற.” கீரைக் காம்புகளைச் சேர்த்து ஒதுக்கினாள். “எங்க அண்ணன் மட்டும் லேசா? அந்த ஒர்க்‌ஷாப்புல ஒரு ஸ்பேனரத் தொட விடமாட்டாங்க என்னய. உன்கிட்ட பத்து போல்ட்டையும் குடுத்துட்டு, பின்னால வாய்க்கால் ஓடுதுன்னு தெரிஞ்சும் உள்ள போனாங்களாம்.”

அதன் பிறகு இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். வண்டி சரியான மறுநாள் சாயங்காலம், புதன்கிழமை, அப்பாவுக்கு டிபன் கொடுக்க நான் டாக்சி ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். ஏழெட்டு டிரைவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மாமாவும் ஏதோ வண்டி பார்க்க வந்தவர், டீ குடித்துக்கொண்டிருந்தார். அப்பா பானெட்டில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

“ஹெட்டக் கழட்டுனா போல்ட்டு புதுசுதான் போடணும். பழசு நீண்டு போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. நட்டச் சுத்திப் பாத்தாதான் தெரியும்.”

டிபன் தூக்கோடு நின்ற எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அத்தனையும் மாமா சொன்னது, ஒரு வார்த்தை மாறாமல். நான் மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் குனிந்து, என்னட்டி என்றார். அப்பா சொன்னதைக் கேட்டீர்களா என்றேன். “கேட்டேன், கேட்டேன். சரியாத்தான சொல்லுதாரு,” என்று சொல்லிவிட்டு டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

ஒர்க்‌ஷாப் சத்தத்தில் மாமாவுக்குக் காது கொஞ்சம் கேட்காமல் போய்விட்டது போலிருக்கிறது, தான் சொன்னதையே அப்பா சொல்வதுகூடப் பிடிபடவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டே அன்றைக்கு வீட்டுக்கு வந்தேன்.